பால்கன் மலைகளில் எவ்லியா செலெபி

பயணம் செய்தவர் பலர். பயணத்தை எழுதி வைத்தவர் சிலர். சென்ற ஊரின் மனிதர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியவர் மிகச் சிலரே. பயண இலக்கியப் பாடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இப்னு பதூதாவின் பெயரைச் சொன்னால் மாணவர் தலையசைப்பர். அவர் 14ஆம் நூற்றாண்டில் மதுரை வரை வந்து சென்றவர் அல்லவா! ஆனால் எவ்லியா செலெபி என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர் தமிழகத்திற்கு வரவில்லை. இந்தியக் கரையையே காணவில்லை. எனினும் 40 ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, பத்துத் தொகுதிகளில் ‘ஸெயாஹத்நாமே’ என்னும் பயணப் பெருநூலை யாத்தவர் அவர். பால்கன் மலைநாட்டு ஊர்களையும் மக்களையும் அவர் எழுதிய முறையை முதன்மையாகக் கொண்டு அவர்தம் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

எவ்லியா 1611ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், முஹர்ரம் பத்தாம் நாளில், இஸ்தான்புல் நகரின் உன்கபானி பகுதியில் பிறந்தார். தந்தையார் தர்வேஷ் முஹம்மது ஸில்லி உதுமானிய அரண்மனையின் தலைமைப் பொற்கொல்லர். தாயார் காக்கஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த அப்காஸிய இனத்தவர். செலெபி என்பது கற்றறிந்த நற்குடியினருக்கு அக்காலத் துருக்கியர் வழங்கிய மதிப்புப் பெயர். எவ்லியா என்பதோ, தம் ஆசிரியரும் அரண்மனை இமாமுமாகிய எவ்லியா முஹம்மது எஃபெந்தியின் நினைவாக வந்த பெயர் என்பர்.

மத்ரஸாவில் பயின்று திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிஸ் ஆன எவ்லியா, ஓதும் கலையில் தேர்ந்தவர். இனிய குரலும் வாய்க்கப் பெற்றவர். கையெழுத்துக் கலையும் இசையும் உடன் கற்றார். தந்தையின் பட்டறையில் பணிபுரிந்த கிரேக்கர் ஒருவரிடம் சிறிது கிரேக்க மொழியும் கற்றதாக அவரே குறிப்பிடுகிறார். அப்பட்டறைக்கு வந்துபோன முதியவர்கள் படையெடுப்புகளையும் தொலைநாடுகளையும் பற்றிப் பேசியவை அவர் உள்ளத்தில் பதிந்தன. பிற்காலத்தில் அயல்மொழி கேட்டால் நின்று செவிசாய்க்கும் பழக்கத்திற்கு வித்து அப்பட்டறையிலேயே விழுந்தது எனலாம்.

நாப் பிறழ்ந்த கனவு

தம் பயணத்தின் தொடக்கத்தை எவ்லியா ஒரு கனவிலிருந்தே சொல்கிறார். 1630ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஆஷூரா இரவில், தாம் இஸ்தான்புல்லின் அஹி செலெபி பள்ளிவாசலில் இருப்பதாகக் கண்டார். பள்ளி முழுதும் ஒளி பொருந்திய கூட்டம். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அவர்தம் தோழர்களும் அங்கு வீற்றிருந்தனர். அண்ணலாரின் கரத்தை முத்தமிட்டு ‘ஷஃபாஅத்’ என்னும் பரிந்துரையை வேண்ட நினைத்த இளைஞரின் நா, அச்சத்தால் பிறழ்ந்து, பயணம் எனப் பொருள்படும் ‘ஸெயாஹத்’ என்னும் சொல்லை மொழிந்துவிட்டது. பெருமானார் புன்முறுவல் பூத்து இரண்டையும் அருளினார்கள் என்றும், தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் காண்பவற்றை எழுதி வைக்குமாறு பணித்தார்கள் என்றும் எவ்லியா எழுதுகிறார்.

இக்கனவைக் கனவாகவே அவர் சொல்கிறார். நாமும் அவ்வாறே கொள்கிறோம். நாம் இங்கு நோக்க வேண்டியது அக்கனவு அவருக்கு இட்ட பணியாகும். ஊர் சுற்றுவது மட்டுமன்று, கண்டதை எழுதுவதும் அவர்மீது கடமையாயிற்று. கனவு கண்டவுடன் அவர் தொலைநாடு செல்லவில்லை. முதலில் தாம் பிறந்த நகரையே தெருத்தெருவாகச் சுற்றிக் குறிப்பெடுத்தார். பத்துத் தொகுதிகளில் முதலாவது முழுதும் இஸ்தான்புல்லைப் பற்றியது. 1640இல்தான் வீட்டிற்குச் சொல்லாமல் பூர்ஸா நகருக்குச் சென்று வந்தார். திரும்பிய மகனைத் தந்தை கடியவில்லை. நல்லுரை கூறி, பயணம் செய்யவும் எழுதவும் இசைவளித்தார்.

அரண்மனையும் பணியும்

1636ஆம் ஆண்டு ரமலானில், லைலத்துல் கத்ர் இரவில் அயா ஸோஃபியா பள்ளிவாசலில் எவ்லியா ஓதியதைக் கேட்ட சுல்தான் நான்காம் முராத், அவரை அரண்மனைப் பணியில் சேர்த்துக்கொண்டார். அங்கே இருந்திருந்தால் அவர் பெரும்பதவிகளை எட்டியிருக்கக் கூடும். அவர் உள்ளமோ சாலையை நாடியது. சில ஆண்டுகளில் அரண்மனையை விட்டுக் குதிரைப்படையில் சேர்ந்தார். பின்னர் அதிகாரிகளின் பரிவாரத்தில் இமாமாகவும் முஅத்தினாகவும் தூதுவராகவும் நாடெங்கும் சென்றார். அவருள் முதன்மையானவர், எவ்லியாவின் தாய்வழி உறவினரும் 1650, 1651ஆம் ஆண்டுகளில் தலைமை அமைச்சராக இருந்தவருமான மெலெக் அஹ்மத் பாஷா ஆவார். பாஷாவுக்கு எங்கே ஆளுநர் பதவி கிடைத்ததோ அங்கெல்லாம் எவ்லியாவும் சென்றார். எவ்லியா இறுதிவரை மணம் புரியவில்லை. தம்மை உலகப் பயணி என்றும், ஆதமின் மக்கள் அனைவர்க்கும் உற்ற தோழன் என்றும் சொல்லிக்கொள்வதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது.

மலைகளுக்கிடையே ஊர்கள்

பால்கன் என்னும் சொல்லே துருக்கி மொழியில் காடடர்ந்த மலைத்தொடரைக் குறிப்பது. ஏட்ரியாட்டிக் கடலுக்கும் கருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்நிலம் மலைகளால் துண்டுபட்டது. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு மொழி, ஒரு வழக்கம். போஸ்னியர், செர்பியர், குரோவாசியர், அல்பேனியர், பல்கேரியர், கிரேக்கர், துருக்கியர், ரோமானியர் எனப் பல இனத்தவரும், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதரும் அங்கு அக்கம்பக்கமாக வாழ்ந்தனர். பள்ளிவாசலின் மினாரும் தேவாலயத்தின் மணியும் யூதரின் தொழுகைக்கூடமும் ஒரே கடைவீதியைச் சுற்றி அமைந்த ஊர்கள் அங்குப் பல.

ஓர் ஊரை எழுதுவதற்கு எவ்லியாவிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. ஊரின் பெயர்க்காரணம், அதனை ஆண்டோர், கோட்டை, பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், கடைவீதி, குளிப்பிடங்கள், நீரூற்றுகள், பாலங்கள் என வரிசையாகச் சொல்வார். அதன்பின் மக்களின் உடை, உணவு, பழவகை, பெயர், பேச்சு, அடக்கத்தலங்கள் என முடிப்பார். இன்றைய மாணவர் கள ஆய்வுக்குச் செல்லுமுன் வகுக்கும் வினாநிரலை இது ஒத்திருக்கிறது.

1660இல் பாஷாவுடன் போஸ்னியா சென்ற எவ்லியா, மில்யாட்ஸ்கா ஆற்றின் இருமருங்கும் மலைச்சரிவுகளில் படிந்திருந்த சரயேவோ நகரைக் கண்டார். 1530இல் எழுந்த காஸி ஹுஸ்ரேவ் பேக் பள்ளிவாசலும் அதனைச் சூழ்ந்த அறநிலையங்களும் அவரைக் கவர்ந்தன. நீண்ட முறையான பெயர்கள் அவ்வூரார் வாயில் எவ்வாறு சுருங்கி வழங்குகின்றன என்பதையும் அவர் குறித்துக்கொண்டார். நம் தெருக்களிலும் இவ்வழக்கம் உண்டு என்பதை மாணவர் அறிவர். போஸ்னிய மொழிக்கும் துருக்கி மொழிக்குமான, 1631இல் உஸ்குஃபி என்னும் புலவர் இயற்றிய செய்யுள் அகராதியையும் அவர் அறிந்து தம் நூலில் பயன்படுத்தினார்.

அதே பயணக் காலத்தில் கொசோவோ சமவெளியில், 1389ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்த சுல்தான் முதலாம் முராதின் நினைவிடம் பேணுவாரின்றிச் சீர்கெட்டுக் கிடந்ததைக் கண்டு வருந்தினார். பாஷாவிடம் முறையிட்டு அதனைத் துப்புரவு செய்வித்து மதில் எழுப்பச் செய்தார். கண்டதை எழுதுவதோடு நில்லாது, இயன்றதைச் செய்வதும் பயணியின் கடமை என அவர் எண்ணியதை இதனால் அறிகிறோம். வர்தார் ஆற்றின் கற்பாலத்தால் புகழ்பெற்ற ஸ்கோப்யே நகரில் 70 மஹல்லாக்களும் 2,150 கடைகளும் இருந்தன என அவர் கணக்கிட்டார்.

1664இல் ஹெர்ஸகோவினாவின் மோஸ்தார் நகரை அடைந்தார். நெரெத்வா ஆற்றின்மீது, 1566இல் கட்டடக் கலைஞர் ஹைருத்தீன் ஒற்றை வளைவாக எழுப்பிய கற்பாலம் அங்கே நின்றது. இரு பாறைகளுக்கிடையே வானவில் வளைந்தாற்போல் அது தோன்றியது என்றும், தாம் கடந்துவந்த பதினாறு நாடுகளில் இத்துணை உயர்ந்த பாலத்தைக் கண்டதில்லை என்றும் எழுதினார். அப்பாலத்தின் உச்சியிலிருந்து இளைஞர் ஆற்றில் பாய்ந்து திறம் காட்டியதையும் அவர் பதிவு செய்தார். அவ்வழக்கம் அவ்வூரில் இன்றளவும் தொடர்கிறது.

1662இல் வட அல்பேனியாவிலும் 1670இல் தென் அல்பேனியாவிலும் பயணம் செய்தார். மலைச்சரிவில் கல்வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற ஜிரோகாஸ்த்ரா நகரில், என்றோ இறந்தவர்க்காகவும் ஒப்பாரி வைத்து அழுவதும், அதற்குக் கூலி பெற்று அழுவோர் இருப்பதும் அவரை வியக்கச் செய்தன. ஒப்பாரி மரபு அறிந்த தமிழ் மாணவர்க்கு இச்செய்தி புதிதன்று. அது எவ்லியாவுக்குப் புதிதாக இருந்ததே நமக்குச் சுவை தருவது.

செவியால் கண்ட பயணி

கட்டடங்களை எழுதிய பயணியர் பலர் உளர். எவ்லியாவின் தனிச்சிறப்பு, மொழிகளை எழுதியது. ஓர் இனத்தாரிடம் சென்றால் எண்ணுப் பெயர்களைக் கேட்பார். ரொட்டி, தண்ணீர், வா, போ என்னும் அன்றாடச் சொற்களைக் கேட்பார். அவற்றை அரபு எழுத்தில் ஒலிக்கேற்ப எழுதுவார். வசைச்சொற்களையும் விடாமல் எழுதினார். தன்னை ஏசுகின்றனரா வாழ்த்துகின்றனரா என்பதைப் பயணி அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் காட்டும் காரணம். அல்பேனிய மொழி பற்றிய அவர் குறிப்புகளை மொழியியலார் இன்றும் எடுத்தாளுகின்றனர்.

இவ்வகையில் நமக்கு மிக நெருக்கமானது ஒன்று உண்டு. 1668இல், இன்று வட கிரேக்கத்தில் கொமோத்தினி எனப்படும் கூமுல்ஜினே ஊரில், ரோமானிய நாடோடி மக்களின் பேச்சை அவர் பதிவு செய்தார். பால்கன் நிலத்து ரோமானி மொழிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு இதுவே என அறிஞர் கருதுகின்றனர். ரோமானி மொழியின் வேர் இந்தியாவில் உள்ளது என்பதை 18ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பிய மொழியறிஞர் கண்டறிந்தனர். அம்மொழியில் இரண்டு ‘துய்’, ஐந்து ‘பஞ்ச்’. உருது அறிந்த நம் மாணவர் இவ்வுறவை உடனே உணர்வர். அம்மக்கள் கிறித்தவரோடு ஈஸ்டரையும், முஸ்லிம்களோடு ஹஜ்ஜுப் பெருநாளையும், யூதரோடு அவர்தம் விழாவையும் கொண்டாடினர் என்று எவ்லியா சற்றே கேலியாக எழுதுகிறார். அக்கேலிக்குள், பல சமயத்தாரும் கலந்து வாழ்ந்த ஒரு சமூகத்தின் படம் ஒளிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு

பெரியோரைப் பற்றி எழுதும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது நம்மவர் வழக்கம். எவ்லியாவை அவ்வாறு எழுதினால் அவர்தம் நூலை நாம் படிக்கவில்லை என்றே பொருள். அவர் தரும் எண்ணிக்கைகள் பல இடங்களில் மிகையானவை. எர்ஸுரும் நகரின் குளிரில், கூரைவிட்டுக் கூரை தாவிய பூனை நடுவானில் உறைந்து நின்றது என்று கதை சொல்வார். செல்லாத நாடுகளுக்குச் சென்றதாகவும் எழுதியுள்ளார். பிறர் நூல்களிலிருந்து எடுத்தவற்றைத் தாமே கண்டதுபோல் கூறும் இடங்களும் உண்டு.

இதனினும் முதன்மையானது வேறொன்று. அவர் ஆளும் பேரரசின் மனிதர். படையெடுப்புகளில் உடன்சென்றவர், கொள்ளையில் பங்கு பெற்றதையும் மனிதர் அடிமைகளாக்கப்பட்டதையும் தயக்கமின்றி எழுதியவர். வென்றவரின் குதிரைமீதிருந்தே அவர் அந்நிலத்தைக் கண்டார் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் குதிரையிலிருந்து இறங்கி, தோற்றவரின் மொழியில் ரொட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டவரும் அவரே. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பதே நேர்மையான படிப்பு.

இறுதிக் காலம்

1665இல் உதுமானியத் தூதுக்குழுவுடன் வியன்னா சென்றார். 1669இல் கிரீட் தீவின் கண்டியாக் கோட்டை வீழ்ந்தபோது உடனிருந்தார். 1671இல் ஹஜ் பயணத்திற்குப் புறப்பட்டு, கடமையை நிறைவேற்றியபின் எகிப்தை அடைந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கெய்ரோவில் தங்கி, நைல் நதி வழியே தெற்கே சூடான் வரை சென்றும், தம் குறிப்புகளைத் தொகுத்து நூலை முறைப்படுத்தியும் வாழ்ந்தார். 1683க்குப் பின் அவரைப் பற்றிய செய்தி மறைகிறது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் அவர் வஃபாத்தாகியிருக்கலாம் என்பர்.

மக்கட்பேறு இல்லாத அவர் விட்டுச் சென்றது அந்நூல் ஒன்றே. அதுவும் ஏறத்தாழ 60 ஆண்டுகள் கெய்ரோவில் அறிவாரின்றிக் கிடந்தது. 1742இல் அது இஸ்தான்புல்லுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய அறிஞர் ஹாம்மர் அதனை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தார். 1896இல் தொடங்கிய அச்சுப் பதிப்பு 1938இல்தான் பத்துத் தொகுதிகளாக முற்றுப்பெற்றது. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நூலின் கையெழுத்துப்படியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

கல்லும் காகிதமும்

எவ்லியாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தம்மைக் கவர்ந்த பள்ளிவாசல்களின் சுவரில் தம் பெயரையும் ஆண்டையும் அழகிய கையெழுத்தில் பொறித்து வைப்பார். போஸ்னியாவின் ஃபோச்சா நகரில் 1550ஆம் ஆண்டளவில் எழுந்த, வண்ணப் பள்ளி எனப் பொருள்படும் அலாஜா பள்ளிவாசலின் சுவரிலும் 1664இல் அவ்வாறு எழுதி வைத்தார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அவ்வெழுத்து அங்கே இருந்தது. ஆய்வாளர் அதனைப் படித்துப் பதிவும் செய்தனர்.

1992இல் யுகோஸ்லாவியா சிதைந்து போஸ்னியப் போர் மூண்டது. 1995 வரை நீடித்த அப்போரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் மாண்டனர். அண்டை வீட்டாரை இன்னார் எனப் பிரித்துக் கொன்ற கொடுமை, அவர்கள் ஒன்றாய் வாழ்ந்ததற்கான சான்றுகளையும் அழிக்க முனைந்தது. 1992 மே மாதம் சரயேவோவின் கீழைத்தேயவியல் நிறுவனம் குண்டுவீச்சில் எரிந்து, அரபு, பாரசீக, துருக்கிச் சுவடிகள் 5,000க்கும் மேற்பட்டவை சாம்பலாயின. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாட்டின் தேசிய நூலகம் எரிந்தது. ஃபோச்சாவின் அலாஜா பள்ளிவாசலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சுவரோடு எவ்லியாவின் கையெழுத்தும் போயிற்று. 1993 நவம்பர் 9ஆம் நாள், போஸ்னியக் குரோவாசியப் படையினரின் பீரங்கிக் குண்டுகளால் மோஸ்தார் பாலம் நெரெத்வாவில் வீழ்ந்தது. 427 ஆண்டுகள் நின்ற பாலம் அது.

அழித்தவர் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. அப்பகுதிக் கல்லையே கொண்டு, பழைய முறையில் பாலம் மீண்டும் கட்டப்பட்டு 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. அலாஜா பள்ளிவாசலும் மீண்டெழுந்து 2019 மே மாதம் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. எனினும் ஒருமுறை இடிந்த கல் பழைய கல் ஆகாது. எரிந்த சுவடி திரும்பி வாராது. அவ்வூர்களில் யார் யார் வாழ்ந்தனர், என்ன மொழி பேசினர், யாரோடு எந்த விழாவைக் கொண்டாடினர் என்பதற்கு, அழிக்க நினைத்தவர் கைக்கு எட்டாத ஒரு சான்று மிஞ்சியிருந்தது. அது, கெய்ரோவில் ஒரு முதியவர் தம் பழைய குறிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதிய நூல். சுவரில் எழுதியது அழிந்தது. தாளில் எழுதியது வாழ்கிறது.

நாம் செய்யத்தக்கது

எவ்லியாவின் வாழ்க்கையிலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்க பாடம் தொலைநாடு செல்வது அன்று. அது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அவர் முதலில் தம் ஊரையே எழுதினார் என்பதை மேலே கண்டோம். நம் ஊர்களிலும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் ஒரே கடைவீதியைச் சுற்றி நிற்கின்றன. அத்தெருவின் பழைய பெயர் என்ன, அங்கே எவரெவர் என்ன தொழில் செய்தனர், பெருநாளிலும் பொங்கலிலும் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டிற்குப் பண்டம் சென்றது என்பதை அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களை அணுகிக் கேட்பாரும் எழுதுவாரும் வேண்டும். ஊர் அமைதியாக இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும். நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் தத்தம் தெருவைச் சுற்றி வருவாராயின், எவ்லியா செலெபியை நாம் நினைவுகூர்ந்ததற்குப் பொருள் உண்டாகும்.